வற்றும் குளத்தில் கற்கப் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் பாசன ஏரிகளாகக் கணக்கில் உள்ளவை மட்டும் சுமார் 39,000. ஊருணி, குட்டை, கோயில் குளம் எல்லாம் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெரிது. பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில் இவற்றில் பெரும்பாலானவை வற்றிக்கொண்டிருக்கும். பல குளங்கள் அடிமண் வெடித்துக் காய்ந்தே கிடக்கும். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குளத்தைப் படிக்க வருகிறோம் என்றால், "இப்ப வந்து என்னத்தப் பாக்கப் போறீங்க, ஐப்பசி கழிஞ்சு வாங்க" என்று ஊரில் சொல்வார்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. சூழலியல் கற்க மே மாதக் குளத்தைப் போல நல்ல வகுப்பறை கிடையாது. நிறைந்த குளத்தில் நீரின் மேற்பரப்பைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வற்றும் குளத்தில் தரை தெரியும், வண்டலின் அடுக்கு தெரியும், மடையின் வாய் தெரியும், நத்தை புதைந்த இடம் தெரியும். பல ஏக்கரில் பரவிக் கிடந்த மீனும் பூச்சியும் நடுவில் மிஞ்சிய தண்ணீருக்குள் நெருங்கிவிடுகின்றன. அவற்றைத் தேடிப் பறவைகளும் வந்து சேர்கின்றன. எது எதை உண்கிறது என்பதைக் கரையில் உட்கார்ந்தபடியே ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம்.

இதே காரணத்தால் குளம் மிகவும் தளர்ந்திருக்கும் காலமும் இதுதான். நீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். குறைந்த நீர், கூடிய சூடு, நெருக்கமான உயிர்கள். கார்த்திகையில் நாற்பது பேர் இறங்கிக் கலக்கினாலும் குளம் தாங்கிக்கொள்ளும். வைகாசியில் பத்துப் பேர் கலக்கினாலே மீன்கள் வாயைப் பிளந்து மேலே வரும். கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை இதுதான்.

புறப்படுமுன்

குளம் யாருடையது என்று முதலில் கேட்டறியுங்கள். ஊராட்சியின் குளமா, நீர்வளத்துறையின் ஏரியா, அறநிலையத்துறையின் தெப்பக்குளமா என்பதைப் பொறுத்து அனுமதி கேட்க வேண்டிய இடம் மாறும். சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி என்றால் வனத்துறையிடம் கேட்க வேண்டும். எழுத்து அனுமதி வாங்கியபிறகும் ஒருவரைத் தவறாமல் பாருங்கள்: அந்த ஆண்டுக்கு மீன்பாசி குத்தகை எடுத்தவர். அவர் பணம் அந்தத் தண்ணீரில் கிடக்கிறது. வலையும் கையுமாக இருபது பிள்ளைகள் வந்து நின்றால் அவருக்குப் பதற்றம் வருவது நியாயம். என்ன செய்யப் போகிறோம், எதைத் தொட மாட்டோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலும் அவரே நல்ல ஆசிரியராகிவிடுவார்.

மடை திறந்து நீர் பாய்ச்சிய மூத்தவர் ஊரில் ஒருவராவது இருப்பார். நீர்க்கட்டி என்றோ நீர்பாய்ச்சி என்றோ, ஊருக்கு ஊர் பெயர் மாறும். அவரை ஐயா என்று அழைத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு கலிங்கில் தண்ணீர் போனது, வரத்துக்கால் எங்கே அடைபட்டது, முன்பு இருந்து இப்போது காணாமல் போன மீன் எது, வெங்காயத்தாமரை எப்போது வந்தது என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குளத்தைப் பற்றிய பழைய தரவு வேறெங்கும் இருக்காது.

முகாமுக்கு முந்தைய நாள் பெரியவர்கள் இருவர், நீண்ட மூங்கிலால் ஆழம் பார்த்து, மாணவர் போகக்கூடிய எல்லையைக் கயிறு கட்டிக் குறித்துவிட வேண்டும். இது ஏன் கட்டாயம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கழிப்பறைக்கு ஏற்பாடு செய்யாமல் முகாமை அறிவிக்காதீர்கள். ஒதுங்க இடமில்லை என்று தெரிந்தால் மாணவிகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். மே மாத வெயிலில் அதன் விளைவு மயக்கம், சில நேரம் மருத்துவமனை. பக்கத்துப் பள்ளி, அங்கன்வாடி, தெரிந்தவர் வீடு என ஏதாவது ஓர் இடம் உறுதியான பிறகே தேதி குறியுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. வெள்ளை நிறத் தட்டு, கைப்பிடி வலை, தேநீர் வடிகட்டி, சின்னச் சின்னக் கிண்ணங்கள், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெப்பமானி, அளவுநாடா, கயிறு, கட்டியான அட்டை போட்ட நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் மை கரையும். நுண்நோக்கி இல்லையே என்று தயங்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்நோக்கி 140 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், சட்டைப் பையிலும் அடங்கும்.

செய்ய வேண்டியவை

விடியற்காலையில் தொடங்குங்கள். ஆறு மணி முதல் ஒன்பது வரை, பிறகு மாலை நான்கு முதல் ஆறரை வரை குளத்தில் வேலை. நடுப்பகல் நிழலில் உட்கார்ந்து வரைவதற்கும் எண்ணுவதற்கும் பேசுவதற்கும். வெயிலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பறவையும் தவளையும் தும்பியும் நடமாடும் நேரங்களும் ஏறக்குறைய இவையே.

முதல் அரை மணி நேரம் எதையும் பிடிக்காமல் பாருங்கள். ஆளுக்கு ஓர் இடம் என்று கரையில் பிரிந்து உட்கார்ந்து, பேசாமல், கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். மாணவர்களுக்கு இது கடினம். வலையைக் கையில் கொடுத்த பிறகு யாரும் பார்ப்பதில்லை என்பதால்தான் வலைக்கு முன்னால் இதை வைக்கிறேன். நீரின் மேல் ஓடும் பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து இரையை அணுகுகிறது, மடையான் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது, எருமை இறங்கிய இடத்தில் எந்தப் பறவை வருகிறது என்பவையெல்லாம் இந்த அரை மணியில்தான் கிடைக்கும்.

நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, தினமும் ஒரே நேரத்தில் அங்கிருந்து தற்போதைய விளிம்பு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். தட்டையான குளத்தில் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தால், நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கும்போது விளிம்பு ஒரு மீட்டர் பின்வாங்கும். ஆவியாதல் என்று பாடப்புத்தகத்தில் படித்தது அங்கே காலடியில் நடந்துகொண்டிருக்கும்.

கரையிலிருந்து நீர் வரை கயிறு கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் என்ன முளைத்திருக்கிறது என்று பதிவு செய்யுங்கள். வெடித்த களிமண், அதன் கீழே பொன்னாங்கண்ணியும் ஆரைக்கீரையும் படர்ந்த ஈரம், அப்புறம் கோரை, சம்பு, அதற்கும் அப்பால் அல்லி, நீருக்குள் வேலம்பாசி என்று வரிசை இருக்கும். குளத்துக்குக் குளம் இது மாறும். சில இடங்களில் சீமைக் கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மட்டுமே வரிசையை அடைத்துக்கொண்டிருக்கும். அதையும் உள்ளபடியே எழுதுங்கள்.

இருபத்து நான்கு மணி நேரம் குளத்தின் மூச்சை அளந்து பாருங்கள். முழு முகாமிலும் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீரின் வெப்பம், அமில காரத் தன்மை (பிஎச்), கரைந்துள்ள ஆக்சிஜன் மூன்றையும் அளக்க வேண்டும். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடும், நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். அதனால் பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்துக்கு ஏறும், பிஎச் அளவு ஒன்பதையும் தொடும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. செடியும் பாசியும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து சுவாசிப்பதால் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போய், விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்தைத் தொடும். மீன்கள் செத்து மிதப்பதை ஊர்க்காரர்கள் காலையில் பார்ப்பதற்கும், யாரோ இரவில் மருந்து கலந்துவிட்டார்கள் என்று சந்தேகிப்பதற்கும் பல நேரம் இதுவே காரணம். நள்ளிரவு, விடியல் அளவீடுகளை ஆசிரியர்கள் எடுக்கட்டும். வரைபடத்தில் புள்ளிகளை இணைப்பது மாணவர்களின் வேலை.

நீரின் தெளிவை அளக்க செக்கி தட்டு ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகட்டை நான்காகப் பிரித்து, கறுப்பு வெள்ளை மாறிமாறிப் பூசி, நடுவில் கயிறும் அடியில் பளுவும் கட்டினால் போதும். மெல்ல இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865-ல் மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த முறை இது. இன்றைக்கும் உலகெங்கும் ஏரி ஆய்வாளர்கள் கையில் இந்தத் தட்டு இருக்கிறது.

வலையை ஒரே அளவில் வீசுங்கள். செடிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் தூரம் ஒருமுறை இழுத்தால் ஒரு மாதிரி. எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை முறை இழுத்தோம் என்று எழுதாத எண்ணிக்கையை வேறெந்த எண்ணிக்கையோடும் ஒப்பிட முடியாது. வலையில் எதுவும் வரவில்லை என்றால் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பூஜ்ஜியத்தைத் தோல்வி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இல்லை என்பதும் ஒரு தகவல் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெயர் தெரியவில்லை என்று கவலைப்படாமல் வரையுங்கள். எத்தனை கால், நீந்தும்போது மல்லாந்திருக்கிறதா, பின்னால் மூச்சுக்குழல் நீண்டிருக்கிறதா, நீரின் மேலே வந்து காற்றை எடுக்கிறதா என்று பார்த்து வரைந்த பூச்சியை எப்போது வேண்டுமானாலும் அடையாளம் காணலாம். சுழல்வண்டைக் கண்டால் லென்ஸில் அதன் கண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி நீருக்கு மேலேயும் மறு பாதி கீழேயும் பார்க்கும். ஊரில் வழங்கும் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அறிவியல் பெயர் பிறகு வந்து சேரும்.

ஒரு குளத்தில் இரண்டு வகை நீர்ப்பூச்சிகளைக் கண்டதிலிருந்தே சூழலியலின் பெரிய கேள்வி ஒன்று பிறந்திருக்கிறது. சிசிலித் தீவில் பலேர்மோ அருகே சாந்தா ரொசாலியாவின் குகைக்குக் கீழே இருந்த சிறு குளத்தில், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான இரண்டு துடுப்புப் பூச்சி இனங்களை எவ்லின் ஹட்சின்சன் கண்டார். பெரியதற்கு இனப்பெருக்கக் காலம் முடிகிறது, சிறியதற்குத் தொடங்குகிறது. ஏன் இருபதாகவோ இருநூறாகவோ இல்லாமல் இரண்டாக இருக்கிறது, உலகில் ஏன் இத்தனை வகை உயிரினங்கள் என்று அவர் கேட்டு எழுதிய கட்டுரை 1959-ல் வெளிவந்தது. அதே கேள்வியை உங்கள் தட்டில் கிடக்கும் பூச்சிகளைப் பார்த்தும் கேட்கலாம்.

தும்பிகளின் தோல்கூடுகளைச் சேகரியுங்கள். நீருக்குள் வளர்ந்த தும்பி லார்வா, கோரைத் தண்டிலோ சம்பு இலையிலோ ஏறி, முதுகு வெடித்துப் பறந்துபோகும்போது விட்டுச்செல்லும் உறை அது. தும்பி வெறுமனே பறந்து வந்ததா, அந்தக் குளத்திலேயே வளர்ந்ததா என்பதற்கு அதுவே சாட்சி. எந்த உயிருக்கும் கேடில்லை என்பதால் மாணவர் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடிய மிகச் சில பொருள்களில் இதுவும் ஒன்று.

இன்னொன்று, காய்ந்த சேறு. முழுவதும் வற்றிய குளம்தான் கிடைத்தது என்றாலும் முகாமைத் தள்ளிப்போட வேண்டாம். வெடித்த அடிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, குளோரின் கலக்காத கிணற்று நீரையோ மழைநீரையோ நான்கு விரல் உயரத்துக்கு ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். தினமும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். முதலில் ஒற்றைச் செல் உயிர்கள் தெரியும். பிறகு சக்கர உயிரிகள், அதிர்ஷ்டம் இருந்தால் டாஃப்னியா போன்ற நுண் ஓட்டுடலிகள். இவற்றின் முட்டைகள் கெட்டியான உறைக்குள் வறட்சியைத் தாண்டுகின்றன. ஏரிப் படிவுகளில் பல பத்தாண்டுகள் கிடந்த டாஃப்னியா முட்டைகளைக்கூட ஆய்வகங்களில் பொரிக்கச் செய்திருக்கிறார்கள். அதே மண்ணுக்குள் நத்தை தன் மூடியை இறுக்கிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். நம் குளங்களின் பெரிய நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. காய்ந்த குளத்தைச் செத்த குளம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாத்திரத்தைக் காட்டுங்கள். குளத்தில் கொட்டலாம், மேடாக்கலாம், மனை போடலாம் என்ற எண்ணமெல்லாம் அது செத்துவிட்டது என்ற நினைப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

நீரிலிருந்து சைக்ளோப்ஸ் என்ற நுண் ஓட்டுடலியை வடிகட்டி எடுத்தால், அதன் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நரம்புச்சிலந்தி நோய்ப் புழு மனிதனுக்கு வந்தது, குடிநீரோடு இதை விழுங்கியதால்தான். குடிநீரைத் துணியில் வடிகட்டுவதும் நீர்நிலைகளில் நோயாளிகள் இறங்காமல் தடுப்பதும் முக்கிய ஆயுதங்களாக இருந்தன. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் பதிவானார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா விடுபட்டதாகச் சான்றளித்தது. அந்தப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் குளத்தோரம் நின்று புரிந்துகொண்டவர்களால் கிடைத்த வெற்றி அது.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் முகாம் நடந்தால், கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும். மாணவர்கள் கரையில் நின்று, வெளியே வருபவர்களிடம் "அண்ணே, கூடையைக் கொஞ்சம் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டு, விரால் எத்தனை, குரவை எத்தனை, கெளுத்தி, கெண்டை, அயிரை, உளுவை எத்தனை என்று குறித்துக்கொண்டால் போதும். ஜிலேபிக் கெண்டை எத்தனை பங்கு என்பதைத் தனியாகப் பாருங்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. ஒரு மீனைக்கூட நாம் பிடிக்காமல், முகாமிலேயே மிக முழுமையான மீன் கணக்கெடுப்பு இப்படிக் கிடைத்துவிடும்.

செய்யக்கூடாதவை

எல்லோரும் ஒரே நேரத்தில் நீரில் இறங்கக் கூடாது. ஒரு குழு நான்கு பேர், ஒரு நேரத்தில் ஒரு குழு. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கிக் கிடப்பவை கலங்கி மேலே வந்தால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

குடிநீர் ஊருணியில் கால் வைக்கவே கூடாது, வலையும் கூடாது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் இன்னும் குடங்களில் மொண்டு குடிக்கும் ஊருணிகள் இருக்கின்றன. செருப்பைக்கூடக் கரைக்கு வெளியே விடும் வழக்கம் அங்கே உண்டு. அந்த வழக்கம்தான் அந்த நீரை இவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கிறது.

பிடித்தவற்றை வெயிலில் வைக்காதீர்கள். தட்டில் இரண்டு விரல் தண்ணீர் மே மாத வெயிலில் சிறிது நேரத்திலேயே உயிர்கள் தாங்காத அளவுக்குச் சூடேறும். நிழலில், அதிகம் போனால் பத்து நிமிடம், பிறகு எடுத்த இடத்திலேயே விட வேண்டும். எதிர்க்கரையில் விடுவது விட்டதாகாது. வெவ்வேறு உயிர்களை ஒரே தட்டில் போடவும் கூடாது. தும்பி லார்வாவும் மல்லாந்து நீந்தும் பூச்சியும் வேட்டையாடிகள், பத்து நிமிடத்தில் உங்கள் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். முதுகில் முட்டைகள் அடுக்கிய தட்டையான நீர்ப்பூச்சி ஒன்று வலையில் வரலாம். அது ஆண். பெண் அதன் முதுகில் இட்ட முட்டைகளைப் பொரியும் வரை சுமக்கிறது. பார்த்து, வரைந்து, உடனே விட்டுவிடுங்கள்.

கொசு விரட்டியோ சன்ஸ்கிரீனோ தடவிய கையால் தவளையையும் பூச்சியையும் தொடாதீர்கள். தவளை தோலின் வழியாகவும் சுவாசிக்கிறது, தோலில் பட்டது உள்ளே போகும்.

காய்ந்த குளத்தரையில் கீழே பார்க்காமல் நடக்காதீர்கள். ஆள்காட்டிக் குருவி முட்டையிடும் காலம் இது. சரளையும் வெடித்த மண்ணும் கலந்த வெட்டவெளியில், கூடு என்று ஒன்றும் இல்லாமல், மண் நிறத்திலேயே முட்டைகள் கிடக்கும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் கூட்டுக்கு அருகில் நிற்கிறோம் என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். அந்தப் பறவை தன் வயிற்றுச் சிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். உச்சி வெயிலில் படம் எடுப்பதற்காக அரை மணி நேரம் நாம் அங்கே நின்றால், தாய் வர முடியாமல் முட்டைகள் வெந்துவிடும். கூட்டையும் ஆமையையும் எடுத்த படங்களை இடம் குறிப்பிட்டு வெளியிடவும் கூடாது. நம் குளங்களின் பால் ஆமை சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, இருந்தும் திருட்டுத்தனமாகப் பிடிக்கப்படுகிறது.

ஒரு குளத்து வலையை அப்படியே அடுத்த குளத்தில் போடாதீர்கள். வெங்காயத்தாமரையின் ஒரு துண்டு போதும், புதுக் குளம் ஒன்றை மூடிவிட. சேற்றையும் செடியையும் நீக்கி, கழுவி, ஒரு முழுநாள் வெயிலில் காயப்போடுங்கள்.

வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுவந்து குளத்தில் விடுவது இரக்கம் அல்ல. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி வளர்க்கப்பட்ட சக்கர் மீன் இப்படித்தான் தமிழக நீர்நிலைகளில் பரவியிருக்கிறது.

பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் படலம் படர்ந்த நீரில் கை வைக்காதீர்கள், ஆடு மாடுகள் குடிப்பதைக் கண்டால் உரியவரிடம் சொல்லுங்கள். நீலப்பச்சைப் பாசிகளில் சில, ஈரலைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கும். எஸ். வி. கணபதி சென்னையில் இருந்து கோயில் குளங்களை ஆராய்ந்தவர். மைக்ரோசிஸ்டிஸ் என்ற இந்தப் பாசி நிலையாகப் படர்ந்திருந்த கோயில் குளம் ஒன்றைப் பற்றி அவர் 1940-லேயே எழுதியிருக்கிறார். நீண்ட கண்ணாடிக் குழாயால் ஆசிரியர் ஒரு சொட்டு எடுத்து நுண்நோக்கியில் காட்டினால் போதும்.

ஆக்சிஜன் அளக்கும் விங்க்லர் முறையில் அடர் கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். அதை மாணவர் தொடக் கூடாது. கழிவை ஒரு துளிகூடக் குளத்தில் ஊற்றாமல் பாட்டிலில் அடைத்து ஆய்வகத்துக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

எழுதியதை ரப்பரால் அழிக்காதீர்கள். தவறு என்றால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுதலாம். மற்றக் குழுவின் எண்ணோடு பொருந்தவில்லை என்று எண்ணை மாற்றுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஆசிரியர்களுக்கும் ஒன்று: "சரியான விடை" எது என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பிள்ளைகள் அதைத்தான் அளந்து வருவார்கள்.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

வண்டல் அள்ளிய குளங்களில் இயந்திரம் தோண்டிய பள்ளங்கள் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த அடி தலைக்கு மேல் போகும், ஓரம் செங்குத்தாக இருப்பதால் ஏறவும் முடியாது. கோடை விடுமுறையில் குழந்தைகள் நீரில் மூழ்கும் செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஆகவே கயிற்று எல்லையைத் தாண்டி யாரும் போகக் கூடாது. முழங்காலுக்கு மேல் நீர் கூடாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், வேறு எந்த வேலையும் இல்லாமல், காற்றடைத்த டியூபும் கயிறுமாகக் கரையில் நிற்க வேண்டும். மூழ்குபவரைக் காப்பாற்ற மாணவர் எவரும் குதிக்கக் கூடாது. கயிறோ கம்போ நீட்ட வேண்டும்.

வெறுங்காலோடு இறங்காதீர்கள். உடைந்த பாட்டில் இல்லாத ஊர்க்குளம் இன்று அரிது. காலில் புண் இருப்பவர் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி புண்வழி நுழையும்.

கெளுத்தியையும் தேளி மீனையும் கையால் பிடிக்காதீர்கள். முள் குத்தினால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்து, மருத்துவரிடம் போங்கள்.

நீரோரம் காணும் பாம்பு பெரும்பாலும் நஞ்சற்ற தண்ணீர்ப் பாம்பாக இருக்கும். கரையின் புல்லிலும் எலி வளையிலும் கண்ணாடி விரியன் இருக்கலாம். எந்தப் பாம்பு என்று ஆராய வேண்டாம். கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து நச்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மருத்துவமனை எது என்பதை முகாமின் முதல் நாளே எல்லோரும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கோடை இடி முழங்கினால் திறந்த குளத்தரையிலிருந்து உடனே வெளியேறிக் கட்டடத்துக்குள் போங்கள். தனிப் பனைமரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள்.

முகாம் முடிந்த பிறகு

குளத்தில் திரட்டிய தரவு பள்ளி அலமாரியில் முடங்கிவிடக் கூடாது. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், ஊர்க்காரர் படிக்கும் தமிழில் எழுதுங்கள்: எத்தனை வகை மீன், எத்தனை வகைத் தும்பி, எத்தனை வகைப் பறவை, விடியலில் ஆக்சிஜன் எவ்வளவு, வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, குப்பை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு படி ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒரு படி நீர்பாய்ச்சிய ஐயாவுக்கு, ஒரு படி குத்தகைதாரருக்கு. வடகிழக்குப் பருவமழை நின்றபிறகு, தை மாதத்தில், அதே கயிற்றை அதே இடத்தில் கட்டி மீண்டும் அளந்தால்தான் கோடையில் எடுத்த எண்களுக்கு முழுப் பொருள் கிடைக்கும்.

ஆகஸ்ட் 15 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். உங்கள் இரண்டு பக்கத்தை அங்கே ஒரு மாணவியையோ மாணவனையோ எழுந்து நின்று வாசிக்கச் செய்யுங்கள், குளத்தைப் பற்றிய கோரிக்கை இருந்தால் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.